ஜூலியா மார்கரெட் காமெரன் அம்மையார்

கல்கத்தாவில் 1815ஆம் ஆண்டு பிறந்த ஜூலியா மார்கரெட் காமெரன் அம்மையார், 48ஆம் வயது வரை புகைப்படக் கலையிற் புகுந்தவரல்லர். கணவர் தம் காப்பித் தோட்டங்களைக் காண இலங்கை சென்றிருந்த காலத்தில், இங்கிலாந்தின் தெற்கேயுள்ள வைட் தீவில் தனித்திருந்த தாய்க்குப் பொழுதுபோக்காகட்டுமென்று மகளும் மருமகனும் 1863 டிசம்பரில் ஒரு காமிராவைப் பரிசளித்தனர். அம்மையார் கோழிக்கொட்டிலைச் சித்திரசாலையாக்கினார். நிலக்கரி அறை இருட்டறையாயிற்று.

அக்காலத்து முறை கடினமானது. கண்ணாடித் தகட்டிற் கொலோடியன் என்னும் பசையைப் பூசி, வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலருமுன் படமெடுத்துக் கழுவி முடித்தல் வேண்டும். எதிரே இருப்பவர் நெடுநேரம் அசைதல் கூடாது. இதற்கு இசைந்தோர் பணிப்பெண்கள், அயலார் பிள்ளைகள், விருந்தாக வந்த பெரியோர் ஆகிய சிலரே.

ஒரே முகத்தை எத்தனை முறை எடுப்பது? அம்மையார் பொருளொன்றை முன்னரே தெரிந்துகொண்டு, பின்னர் அம்முகத்தை அப்பொருளின் வழியே நோக்கினார். கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் பவுல் அப்போஸ்தலர் கூறும் ஆவியின் கனிகள் ஒன்பதிற்கும் ஒன்பது படங்கள் அமைத்து, 1865இல் பிரிட்டிஷ் மியூசியத்திற்கு அளித்தார். அவற்றிற் கன்னி மரியாளாக வீற்றிருப்பவள் மேரி ஹில்லியர் என்னும் பணிப்பெண். எங்கும் தாயும் சேயுமே. ஆயினும் சமாதானத்திற்கு ஒரு சாயல், நீடிய பொறுமைக்கு வேறொரு சாயல்.

உருவங்கள் கூர்மையின்றி மங்கியுள்ளன, தகடுகளிற் கறையுண்டு என்று புகைப்படப் பத்திரிகைகள் இகழ்ந்தன. அம்மையார் தம் வழியை மாற்றிக்கொண்டிலர். 1867இல் அவர் எடுத்த வானசாஸ்திரி ஹெர்ஷலின் படத்தைக் கண்டோர் அவ்விகழ்ச்சியைப் பொருட்படுத்தார்.

அயலில் வாழ்ந்த கவிஞர் டெனிசன், ஆர்தர் மன்னன் கதைகளைப் பாடிய தம் நூலுக்குப் படங்கள் வேண்டுமென 1874இற் கேட்டார். சில படங்களுக்காக அம்மையார் இருநூறுக்கும் மேற்பட்ட தகடுகளைச் செலவிட்டார். முதிய கணவரையே மந்திரவாதி மெர்லினாக நிறுத்தினார். இவற்றுட் சில நாடகமேடைக் கோலமாகவே நமக்குத் தோன்றுகின்றன. கதை மிகுந்து முகம் மறைந்தது போலும்!

1875இற் கணவரும் மனைவியும் இலங்கையிற் குடியேறினர். அங்கு எடுத்த படங்களுள் இன்று எஞ்சியவை மிகச் சில. களுத்துறைக் குடியானவர் சிலரை, எக்கதையையும் அவர்மேல் ஏற்றாமல், அவர்களாகவே நிற்கச்செய்து எடுத்த படம் அவற்றுள் ஒன்று. 1879 ஜனவரி 26ஆம் நாள் அம்மையார் காலஞ்சென்றார். மறு ஆண்டு மறைந்த கணவரும் போகவந்தலாவைத் தேவாலயத்தில் அவரருகே அடக்கம் செய்யப்பெற்றார்.