பீதோவனாரின் நூற்பேழை

இசைவாணர் ஒருவரின் உள்ளத்தை அவர் யாத்த பண்களால் அறிதல் பெருவழக்கு. அவர் விரும்பிப் பயின்ற நூல்களைக்கொண்டு அறிதலும் ஒரு நெறியேயாம். செருமனி நாட்டுப் பான் நகரில் 1770-ஆம் ஆண்டிற் பிறந்து, வியன்னா நகரில் 1827 மார்ச்சு 26-ஆம் நாள் உலகு நீத்த லுத்விக் வான் பீதோவனாரின் வரலாற்றை அந்நெறி பற்றி ஈண்டு ஆராயப் புகுகின்றாம்.

இவர்தம் பள்ளிப்படிப்பு இளமையிலேயே முற்றுப்பெற்றது. ஆயினும் கற்றாரோடு ஒப்பக் கற்கவேண்டுமென்னும் வேட்கை இறுதிவரை தணிந்திலது. தம்மைப் புலமையுடையாரெனக் கருதாவிடினும், எக்காலத்துச் சான்றோர் கருத்தையும் இளமைதொட்டே அறிய முயன்று வந்ததாக 1809-இல் தம் நூற்பதிப்பாளருக்கு எழுதினார். கெதே, ஷில்லர் என்பார்தம் நூற்றொகுதிகளை அனுப்பும்படி அவரை வேண்டியதும் அவ்வாண்டிலேயாம். ஹோமர், ஷேக்ஸ்பியர், புளூட்டார்க் ஆகியோர் நூல்களும் இவர் போற்றியவை. இயற்கையின்கண் இறைவன் செயலைக் காட்டும் ஸ்டுர்ம் என்னும் கிறித்தவப் போதகரின் நூலிற் பல பகுதிகளைக் கோடிட்டுப் பயின்றார்.

இக்கல்வி பொழுதுபோக்கிற்கு உரியதன்று. முப்பது வயது நிரம்பு முன்னரே இசைவாணருக்கு உயிரனைய செவிப்புலன் இவருக்குக் குன்றத் தொடங்கிற்று. வந்த துன்பத்தைப் பொறுக்கும் ஆற்றலைப் புளூட்டார்க்கின் நூல் தமக்குக் கற்பித்ததென 1801-இல் நண்பர் ஒருவர்க்கு எழுதினார். 1802-இல் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமும் தோன்றிற்று. தம் கலைக்கடன் முடியாமையால் அதனை விடுத்தார்.

நம்மனோர் சிறப்பாகக் கருதற்பாலது ஒன்றுண்டு. 1812 முதல் 1818 வரை இவர் எழுதிவந்த குறிப்பேட்டில் பாரதநாட்டு நூற்பகுதிகள் பல பெயர்த்தெழுதப்பட்டுள்ளன. ஜார்ஜ் போர்ஸ்டர் செருமானிய மொழியில் ஆக்கிய சாகுந்தலமும், பயன் கருதாது வினைசெய்தலை உணர்த்தும் கீதைப் பகுதியும் அவற்றுட் சில. இவையன்றி, தானே நிலைபெற்று அனைத்திற்கும் காரணமாய் நிற்கும் ஒரு பொருளைப் பற்றிய எகிப்தியப் பழமொழிகளை ஷில்லரின் கட்டுரையொன்றிலிருந்து தம் கையாலெழுதி, கண்ணாடிச் சட்டத்திட்டு, எழுதுமேசைமேல் வைத்திருந்தார்.

இதுகொண்டு இவரை வேதாந்தியென்றோ நம் சமயத்தவரென்றோ கூறுதல் உண்மையொடு பொருந்தாது. இவர் கத்தோலிக்கக் குடியிற் பிறந்தவர். மேலும், பயன் கருதாமையைப் பெயர்த்தெழுதிய அக்குறிப்பேடு முற்றுப்பெறு முன்னரே, 1815-இல் இறந்த தம்பியின் மகனைத் தாயினின்றும் பிரித்துத் தம் காவலிற் கொள்ள வழக்காடத் தொடங்கினார். அவ்வழக்கு 1820 வரை நீண்டது. வென்றவர் இவரே. ஆயினும் அவ்விளைஞன் 1826-இல் தற்கொலைக்கு முயன்று உயிர்தப்பினான்.

மேசைமேலிருந்த மொழி நெஞ்சினுள் முற்றும் இறங்கவில்லை. இதுபற்றி அப்பெரியாரை இகழ்தல் எம் கருத்தன்று. நூலால் எய்தும் அறிவு பாசஞானத்தின்பாற்பட்டதென்றும், இறைவன் அருளாலன்றிப் பதிஞானம் கைகூடாதென்றும் நம் சித்தாந்தம் கூறும். மெய்கண்ட நூல்கள் பதினான்கையும் பேழையில் வைத்துப் பூசிக்கும் நாமும், பூசல் வந்துழி அவற்றை நினைக்கின்றோமா என்பதே வினா.

1827 நவம்பரில் இவர்தம் உடைமைகள் ஏலம் விடப்பெற்றன. நூல்களுட் சில, அரசினர் தடை செய்தவையாதலின், அதிகாரிகளாற் பறிக்கப்பட்டன. எஞ்சியவை பலர் கையிற் சிதறின. கோடிட்ட ஏடுகள் சில இன்றும் பெர்லின் நூலகத்தில் உள. பேழை சிதறினும், துன்பத்திடையே மெய்ப்பொருளை நாடிய அவ்வேட்கை சிதறவில்லை. அவ்வேட்கை நமக்கும் வாய்ப்பதாக.