ஏ, பி டிரைவ் எங்கே போச்சு? பென் டிரைவுக்கு வழி போட்ட கேரி கில்டாலின் கதை

கடலூர் தேவனாம்பட்டினத்தில் பெரியார் அரசு கலைக் கல்லூரிக்குப் போகும் மாணவர்களுக்கு இது தினசரி வேலை. புராஜெக்ட் பிரிண்ட் எடுக்க ஜெராக்ஸ் கடையில் பென் டிரைவை நீட்டுவார்கள். கடைக்காரர் செருகியதும் ஒரு சின்ன சத்தம். திரையில் இ டிரைவ் அல்லது எஃப் டிரைவ் என்று ஒன்று புதிதாக முளைக்கும். சி டிரைவ் ஏற்கெனவே இருக்கிறது, டி இருக்கிறது. ஏ, பி மட்டும் எங்கே?

அந்த இரண்டு எழுத்தும் ஃபிளாப்பி டிஸ்க்குகளுக்காக ஒதுக்கப்பட்டவை. ஹார்டு டிஸ்க் பிறகு வந்ததால் அதற்கு சி கிடைத்தது. ஃபிளாப்பி ஒழிந்துபோன பிறகும் அந்த இரண்டு இருக்கையையும் விண்டோஸ் வழக்கமாகக் காலியாகவே வைத்திருக்கிறது. சின்ன கம்ப்யூட்டர்களில் இப்படி டிஸ்க்குக்கு எழுத்து வைத்து அழைக்கும் பழக்கத்தைப் பரப்பியது சிபி/எம் என்ற ஆபரேட்டிங் சிஸ்டம். அதை எழுதியவர் கேரி கில்டால்.

எழுத்து விஷயம் சின்னதுதான். எந்த கம்பெனி டிஸ்க்கை மாட்டினாலும் ஒரே ஆபரேட்டிங் சிஸ்டம் அதைப் படிக்க வேண்டும் என்பதற்கு சின்ன கம்ப்யூட்டர் உலகில் வழி போட்டவர் அவர். பில் கேட்ஸ் அளவுக்குப் பெயரும் பணமும் சேர்ந்திருக்க வேண்டியவர் என்று பலர் இன்றும் வாதாடுகிறார்கள். 1994-ல், 52 வயதில் இறந்துபோனார்.

மாலுமிகளுக்குப் பாடம் சொன்ன குடும்பம்

1942 மே 19-ம் தேதி அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பிறந்தார் கில்டால். துறைமுக ஊர். குடும்பத் தொழில், கப்பல் மாலுமிகளுக்கு வழி கண்டுபிடிக்கும் கணக்கைச் சொல்லிக் கொடுக்கும் பள்ளி. தாத்தா ஆரம்பித்தது, அப்பா நடத்தினார், இளம் வயதில் கேரியும் அங்கே பாடம் எடுத்தார். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கணிதம் படிக்கப் போனவரை கம்ப்யூட்டர் இழுத்துக்கொண்டது. 1972-ல் அங்கேயே முனைவர் பட்டம் வாங்கினார்.

வியட்நாம் போர்க் காலம். கடற்படை அவரை கப்பலுக்கு அனுப்பாமல், கலிபோர்னியாவின் மான்டரேயில் உள்ள கடற்படை முதுகலைக் கல்லூரியில் ஆசிரியராகப் போட்டது. அந்த நேரத்தில்தான் இன்டெல் நிறுவனம் 4004 என்ற சின்ன பிராசஸரை வெளியிட்டிருந்தது. ஒரு அறையை அடைத்த கம்ப்யூட்டர்கள் இருந்த காலத்தில், விரல் நுனி அளவு சில்லில் ஒரு கம்ப்யூட்டரா என்று பலர் அதைப் பொருட்படுத்தவில்லை. கில்டால் விடவில்லை. வாரத்தில் ஒரு நாள் இன்டெலுக்குப் போய் ஆலோசகராக வேலை பார்த்தார். அவர்களுக்காக பிஎல்/எம் என்ற புரோகிராமிங் மொழியையும் எழுதிக் கொடுத்தார்.

கொட்டகைக்குள் வந்த டிஸ்க்

அன்றைய சின்ன கம்ப்யூட்டர்களுக்கு பெரிய தலைவலி, எதையும் சேமித்து வைக்க முடியாதது. காகித நாடாவில் ஓட்டை போட்டு சேமிப்பார்கள். டெலிடைப் கருவி அதை நொடிக்கு 10 எழுத்து வேகத்தில் படிக்கும். ஷுகார்ட் என்ற நிறுவனம் 8 அங்குல ஃபிளாப்பி டிரைவ் விற்றுக்கொண்டிருந்தது. ஒரு டிஸ்க்கில் சுமார் 250 கேபி பிடிக்கும். இன்று போனில் எடுக்கும் ஒரு போட்டோ அளவுகூட இருக்காது. ஆனால் அதே தகவலை காகித நாடாவில் படிக்க 7 மணி நேரம் ஆகும்!

சோதனைக்காக ஓடிக் களைத்த ஒரு டிரைவை அந்த நிறுவனத்திடம் கேட்டு வாங்கி வந்தார் கில்டால். வீட்டுக்கு வந்த பிறகுதான் சிக்கல். டிரைவில் மோட்டாரும் படிக்கும் தலையும் இருந்தன. அவற்றைக் கட்டுப்படுத்தும் மின்னணு பலகை இல்லை. தானே செய்து பார்த்தார், வரவில்லை. டிரைவ் சும்மா கிடந்தது. கடைசியில் பல்கலைக்கழக நண்பர் ஜான் டொரோட் அந்தப் பலகையைச் செய்து கொடுத்தார்.

1974. பசிபிக் குரோவ் என்ற கடலோர ஊர். கில்டால் வீட்டுப் பின்பக்கக் கொட்டகையில், டிஸ்க்கிலிருந்து சிபி/எம் முதல் முறையாக எழுந்து, உத்தரவுக்காகக் காத்து நின்றது. நண்பர்கள் இருவரும் மலிவான ஒயினைத் திறந்து கொண்டாடினார்கள். இன்டெலிடம் அந்த சிஸ்டத்தை 20,000 டாலருக்குக் கொடுக்க முன்வந்தார். வேண்டாம் என்று விட்டது இன்டெல்.

டிரைவர் என்றால் என்ன? கடலூர் கடலே பதில் சொல்லும்

தேவனாம்பட்டினத்தில்தான் செயின்ட் டேவிட் கோட்டை இருந்தது. 1746-ல் சென்னையை பிரெஞ்சுக்காரர்கள் பிடித்த பிறகு, சில ஆண்டுகள் இந்தக் கரையில் ஆங்கிலேயருக்கு அதுதான் தலைமையிடம். ஆனால் கோட்டைக்குச் சரக்கு கொண்டுவந்த பெரிய கப்பல் எதுவும் கரைக்கு வர முடியாது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலா படகுகள் போய்தான் சரக்கை இறக்கும். எந்த அலையில் நுழையலாம், எதில் காத்திருக்கணும் என்பது உள்ளூர் படகோட்டிக்குத்தான் தெரியும். கப்பல் கேப்டனுக்கு அது தெரிய வேண்டியதில்லை. சரக்கு கரைக்குப் போகணும் என்று சொன்னால் போதும்.

டிவைஸ் டிரைவர் செய்வது இந்தப் படகோட்டியின் வேலை. ஆபரேட்டிங் சிஸ்டம் கப்பல். டிஸ்க் கரை.

கில்டால் பயன்படுத்திய 8 அங்குல டிஸ்க்கையே பாருங்கள். அதில் 77 வட்டப் பாதைகள். ஒவ்வொரு பாதையிலும் 26 துண்டுகள். ஒவ்வொரு துண்டிலும் 128 பைட். டிஸ்க் நொடிக்கு 6 முறை சுற்றும். ஒரு கோப்பைத் திறக்க வேண்டுமென்றால் எந்த டிரைவ், எந்தப் பாதை, எந்தத் துண்டு, படித்ததை மெமரியில் எங்கே வைக்கணும் என்று வரிசையாகச் சொல்லி, பிறகு படி என்று உத்தரவிட வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை. அன்றைய பிராசஸர் மெதுவானது. முதல் துண்டைப் படித்து முடித்து நிமிர்வதற்குள் இரண்டாவது துண்டு தலையைக் கடந்து ஓடிவிடும். திரும்ப வர இன்னொரு முழுச் சுற்று காத்திருக்கணும். அப்படியே போனால் ஒரு பாதையைப் படிக்க 4 நொடிக்கு மேல் ஆகும். அதனால் சிபி/எம் துண்டுகளை வரிசையாகப் படிக்காது. 1, 7, 13, 19, 25 என்று ஆறு ஆறாகத் தாண்டிப் படிக்கும். தயாராவதற்கும் அடுத்த துண்டு வருவதற்கும் சரியாக இருக்கும். ஒரு பாதை சுமார் ஒரே நொடியில் முடியும். கோப்பை எழுதிய ஆளுக்கு இந்தத் தாண்டல் எதுவும் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

அறுவை செய்தது போல ஒரு பிரிப்பு

ஆரம்பத்தில் இந்த ஹார்டுவேர் வேலையெல்லாம் சிபி/எம் உள்ளேயே கலந்து கிடந்தது. புது டிரைவ் வந்தால் கில்டாலே உட்கார்ந்து திருத்த வேண்டும். இரண்டு மூன்று கம்பெனிக்கு இப்படிச் செய்தார். பிறகு இம்சாய் என்ற கம்ப்யூட்டர் நிறுவனம் வந்தது. அங்கே இருந்த கிளென் ஈவிங் என்ற பொறியாளரிடம் வேலையைப் பகிர்ந்துகொள்ள ஒரு வழி யோசித்தார்.

ஹார்டுவேரைத் தொடும் வரிகளை மட்டும் வெட்டி எடுத்து ஒரு தனிப் பகுதியில் வைத்தார். அதற்கு பயாஸ் என்று பெயர். மீதி சிஸ்டம் எந்த டிஸ்க்கையும் நேரடியாகத் தொடாது. பாதையை வை, துண்டை வை, படி, எழுது என்று பயாஸிடம் சொல்லும். பதிலை வாங்கிக்கொள்ளும். அவ்வளவுதான். புது கம்ப்யூட்டர் வந்தால் அந்தக் கம்பெனி ஆட்களே பயாஸை மட்டும் எழுதிக்கொள்ளலாம். மீதியில் ஒரு வரியைக்கூட மாற்ற வேண்டாம்.

பெரிய கம்ப்யூட்டர்களில் இதுபோன்ற பிரிப்பு முன்பே இருந்தது. ஆளாளுக்கு ஒரு கம்ப்யூட்டர் செய்துகொண்டிருந்த சின்ன கம்ப்யூட்டர் சந்தையில் அதைக் கொண்டுவந்ததுதான் கில்டாலின் பங்கு. பலன் உடனே தெரிந்தது. இம்சாய் 25,000 டாலர் கொடுத்து உரிமம் வாங்கியது. மனைவி டோரத்தியுடன் சேர்ந்து தொடங்கிய டிஜிட்டல் ரிசர்ச் நிறுவனம் வளர்ந்தது. நூற்றுக்கணக்கான கம்ப்யூட்டர் மாடல்களில் சிபி/எம் ஓடியது. ஒரு மாடலில் எழுதிய புரோகிராம் இன்னொரு மாடலிலும் ஓடும் என்ற நிலை வந்தது. சாஃப்ட்வேரை தனிப் பொருளாக விற்கும் சந்தைக்கு இது பெரிய உந்துதல்.

ஐபிஎம் வந்த நாள்

1980. தன் முதல் பெர்சனல் கம்ப்யூட்டருக்கு ஆபரேட்டிங் சிஸ்டம் தேடி ஐபிஎம் ஆட்கள் பசிபிக் குரோவுக்கு வந்தார்கள். இதைப் பற்றி உலகம் முழுக்க ஒரு கதை ஓடுகிறது. அன்று கில்டால் ஜாலியாக விமானம் ஓட்டப் போய்விட்டார், கோடிகள் கைவிட்டுப் போச்சு என்று.

அவர் விமானத்தில் போனது உண்மை. சொந்த விமானத்தை ஓட்டிக்கொண்டு போனது இன்னொரு வாடிக்கையாளரைப் பார்க்க. வியாபாரப் பேச்சை டோரத்திதான் வழக்கமாகப் பார்ப்பார். ஐபிஎம் நீட்டிய ரகசிய ஒப்பந்தம் ஒருதலைப்பட்சமாக இருந்ததால், வக்கீலைக் கேட்காமல் அவர் கையெழுத்துப் போடவில்லை. பிற்பகலில் தான் வந்து பேச்சில் கலந்துகொண்டதாக கில்டால் சொன்னார். ஐபிஎம் தரப்பில் வந்தவருக்கு அவரைப் பார்த்த நினைவே இல்லை. அடிப்படை இழுபறி பணத்தில்தான். ஐபிஎம் ஒரே தொகை கொடுத்து முடிக்கப் பார்த்தது. கில்டால் விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் பங்கு கேட்டார்.

ஐபிஎம் மைக்ரோசாஃப்ட் பக்கம் திரும்பியது. பில் கேட்ஸிடம் அப்போது இப்படியொரு சிஸ்டம் கையில் இல்லை. சியாட்டில் கம்ப்யூட்டர் புராடக்ட்ஸ் நிறுவனத்தில் டிம் பேட்டர்சன் எழுதிய 86-டாஸை மைக்ரோசாஃப்ட் வாங்கியது. 16 பிட் பிராசஸருக்கான சிபி/எம் வருவது தாமதமானதால் பேட்டர்சன் எழுதியது அது. சிபி/எம் புரோகிராம்களை சுலபமாகக் கொண்டுவர வேண்டும் என்பதற்காக, அதே அழைப்பு முறையைத் தன் சிஸ்டத்திலும் வைத்தார். கோடை எடுக்கவில்லை, கையேட்டைப் பார்த்து எழுதினேன் என்பது அவருடைய தரப்பு. தன் உழைப்பைத்தான் நகலெடுத்துவிட்டார்கள் என்பது கில்டாலின் மனக்குறை. அந்தக் குறை கடைசி வரை தீரவில்லை.

கொஞ்சம் நின்று யோசித்தால், கில்டாலை உயர்த்தியதும் கவிழ்த்ததும் ஒரே விஷயம். எல்லாரும் குறிப்பிட்ட சில அழைப்புகள் வழியாகத்தான் பேச வேண்டும் என்று கோடு போட்டால், கோட்டுக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார் என்பது யாருக்கும் தெரியாது. கீழே டிஸ்க்கை மாற்றலாம், சிபி/எம் கவலைப்படாது. அதே போல மேலே இருக்கும் புரோகிராம்களுக்குக் கீழே சிபி/எம்மையே மாற்றிவிட்டால், புரோகிராம்களும் பெரிதாகக் கவலைப்படாது. படகோட்டி மாறலாம் என்றால் கப்பலும் மாறலாம்.

கில்டால் சண்டைக்கு நின்றதும், சிபி/எம்மையும் சேர்த்து விற்க ஐபிஎம் ஒப்புக்கொண்டது. 1981 ஆகஸ்ட் 12-ம் தேதி ஐபிஎம் பிசி அறிமுகமானது. பிசி டாஸ் விலை 40 டாலர். தாமதமாக வந்த சிபி/எம்-86 விலை 240 டாலர். வாங்குபவர் எதை எடுப்பார் என்று சொல்லவா வேணும்?

டிவியில் வந்த கம்ப்யூட்டர் மாமேதை

ஏழையாகவில்லை, சும்மாவும் இருக்கவில்லை. 1983 முதல் சில ஆண்டுகள் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் கம்ப்யூட்டர் குரோனிக்கிள்ஸ் நிகழ்ச்சியின் இணைத் தொகுப்பாளராக வந்தார். போட்டி நிறுவனங்களின் பொருட்களைக்கூட ஆர்வத்தோடு விசாரிக்கும் ஆசிரியர் முகம். இன்றும் இணையத்தில் அந்த நிகழ்ச்சியைப் பார்க்கலாம்.

மீண்டும் ஒரு புது சேமிப்புத் தட்டு அவரை இழுத்தது. சிடி-ராம். பாட்டு கேட்க மட்டும்தான் சிடி என்று எல்லாரும் நினைத்த நேரம். 1985-ல் அவருடைய இன்னொரு நிறுவனத்தின் உழைப்பில் குரோலியர் கலைக்களஞ்சியம் ஒரே சிடியில் வந்தது. டிஜிட்டல் ரிசர்ச்சை 1991-ல் நாவெல் நிறுவனம் வாங்கியது.

டோரத்தியுடனான திருமணம் 1983-ல் முடிந்திருந்தது. பிற்காலத்தில் குடிப்பழக்கம் அதிகமானது. வாஷிங்டன் பல்கலைக்கழகம் ஒரு விழாவுக்கு முன்னாள் மாணவரான அவரை அழைத்துவிட்டு, படிப்பை முடிக்காத பில் கேட்ஸைச் சிறப்புரைக்கு வைத்தது அவரை மிகவும் காயப்படுத்தியது. 1994 ஜூலை 8-ம் தேதி மான்டரேயில் ஒரு மதுக்கூடத்தில் தலையில் அடிபட்டது. மூன்று நாளில் இறந்தார். அடி எப்படிப் பட்டது என்பதற்கு இன்றுவரை ஒரே பதில் இல்லை.

பென் டிரைவ் வந்த புதிதில் விண்டோஸ் 98 வைத்திருந்தவர்கள் அதனுடன் வந்த டிரைவர் சிடியைத் தேடியது நினைவிருக்கலாம். யுஎஸ்பி சேமிப்புக் கருவிகள் எல்லாம் ஒரே மொழி பேச வேண்டும் என்று விதி வந்த பிறகு, பொதுவான டிரைவர் ஆபரேட்டிங் சிஸ்டத்திலேயே சேர்ந்துவிட்டது. அந்த யுஎஸ்பி உருவாக்கத்தில் முக்கியப் பங்கு வகித்தவர் வதோதராவில் படித்த அஜய் பட். இன்று போனில் ஓடிஜி கேபிள் வழியாக பென் டிரைவை மாட்டும்போது ஓடுவதும் அதே பிரிப்புதான்.

2014-ல் பசிபிக் குரோவின் லைட்ஹவுஸ் அவென்யூவில், டிஜிட்டல் ரிசர்ச் இயங்கிய பழைய வீட்டின் முன் ஐஇஇஇ அமைப்பு ஒரு நினைவுப் பலகை பதித்தது. அதே ஆண்டு சிபி/எம்மின் ஆரம்பகால மூலக் குறியீட்டை கம்ப்யூட்டர் வரலாற்று அருங்காட்சியகம் வெளியிட்டது. 1993-ல் கில்டால் எழுதிவைத்த சுயசரிதையின் முதல் பகுதி 2016-ல் வந்தது. கசப்பும் குடியும் கலந்த நாட்களில் எழுதிய பின்பகுதி, தங்கள் அப்பாவின் உண்மையான முகம் இல்லை என்று சொல்லி, மகனும் மகளும் அதை வெளியிடவில்லை.