அரிசி அளவு உயிரி, 40 வருஷ ஆராய்ச்சி: யார் இந்த ஷீனா மார்ஷல்?

ஸ்காட்லாந்துக் கடலில் ஹெர்ரிங் என்றொரு மீன் உண்டு. நம்ம மத்திக்கு உறவுக்காரன். அதன் முக்கியமான சாப்பாடு, அரிசி மணி அளவே இருக்கும் கலானஸ். இறால், நண்டு வகையைச் சேர்ந்த குட்டி மிதவை உயிரி இது. கலானஸ் எப்போ பெருகும், எப்போ குறையும்? மீனை நம்பிப் பிழைப்பவர்களுக்கு இது சோற்றுப் பிரச்சினை. இந்தக் கேள்விக்குத் தன் ஆயுளில் பாதியைக் கொடுத்தவர்தான் ஷீனா மார்ஷல்.

1896-ல் ப்யூட் தீவில் பிறந்தார். அப்பா டாக்டர். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு, 1922-ல் மில்போர்ட் கடல் ஆய்வு நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே வேதியியல் தெரிந்த ஏ.பி. ஓர் கூட்டாளியாகக் கிடைத்தார். 1962-ல் ஓர் இறக்கும் வரை அந்தக் கூட்டணி உடையவே இல்லை.

1933-ல் லாக் ஸ்ட்ரைவன் என்ற கடல் கழியில் ஆண்டு முழுக்க வலை இழுத்தார்கள். கலானஸை மொத்தமாக எண்ணினால் பெரிசாக ஒன்றும் தெரியாது. முட்டையிலிருந்து வந்தபின் அது 11 பருவங்களைத் தாண்டித்தான் முழு வளர்ச்சி அடைகிறது. எனவே மைக்ரோஸ்கோப்பில் வைத்து, பருவம் பருவமாகப் பிரித்து எண்ணினார்கள். சலிப்பான வேலைதான். ஆனா பலன் கிடைத்தது: குளிர்காலத்தில் ஆழத்தில், உடம்பில் சேர்த்த எண்ணெயை வைத்துக் காலம் தள்ளும் கலானஸ், வசந்தம் நெருங்கும்போது முதிர்ந்து முட்டையிடுகிறது. கோடை முடிவதற்குள் அடுத்தடுத்த தலைமுறைகள் வந்துவிடுகின்றன.

அதெப்படி சரியான நேரம் தெரிகிறது? டயாட்டம் எனும் நுண்பாசி பெருகும் சமயத்தோடு முட்டையிடுவது ஒத்துப்போனது. பிறகு ஆய்வகத்திலும் சோதித்தார்கள். பெண் கலானஸுக்குச் சாப்பாடு போட்டால் முட்டை, பட்டினி போட்டால் முட்டை குறைவு. எவ்வளவு தின்கிறது என்று அளக்க, கதிரியக்க பாஸ்பரஸ் ஏற்றிய பாசியையும் ஊட்டிப் பார்த்தார்கள்.

நடுவில் 1928-29-ல் ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப் ஆய்வுப் பயணம். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிலிருந்து அகார் வருவது நின்றபோது, ஸ்காட்லாந்துக் கடற்பாசியிலிருந்து அதை எடுக்கும் வேலை. மருத்துவ ஆய்வகங்களில் கிருமி வளர்க்க அகார் இல்லாமல் முடியாது.

1949-ல் எடின்பரோ ராயல் சொசைட்டி முதன்முறையாகப் பெண்களைச் சேர்த்தது. அந்த ஐவரில் இவரும் ஒருவர். 1955-ல் ஓருடன் சேர்ந்து கலானஸ் பற்றி முழுப் புத்தகமே எழுதினார். 1963-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். ஓர் அப்போது உயிரோடு இல்லை. ஷீனா 1977-ல் காலமானார்.