தம்பிக்கு வழிவிட்ட அண்ணன்

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குப் போகும் மின்சார ரயில் பொன்னேரியில் நின்று போகும். தொழிற்சாலை வேலைக்குப் போகிறவர்கள் தினமும் அந்த ஊரைத் தாண்டித்தான் போகிறார்கள்.

பொன்னேரிக்குப் பக்கத்தில் சின்னக்காவணம் என்று ஓர் ஊர் இருக்கிறது. ஏறக்குறைய 200 ஆண்டுகளுக்கு முன்பு, கணவரை இழந்த ஒரு தாய் ஐந்து குழந்தைகளோடு அங்கே வந்து சேர்ந்தார். அவர் பெயர் சின்னம்மை. அது அவர் பிறந்த ஊர்.

அந்த ஐந்து குழந்தைகளில் கடைக்குட்டி இராமலிங்கம். வள்ளலார் என்று இன்று உலகம் போற்றும் இராமலிங்க அடிகள் அவர்தான்!

தகப்பனான தமையன்

இராமலிங்கம் 1823ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் தேதி, சிதம்பரத்துக்கு அருகே மருதூரில் பிறந்தார். தந்தை இராமையா பிள்ளை ஊர்க் கணக்கர். குழந்தை தவழும் பருவத்திலேயே தந்தை காலமாகிவிட்டார்.

பொன்னேரியிலிருந்து குடும்பம் சென்னைக்குக் குடிபெயர்ந்தது. ஏழுகிணறு பகுதியில், வீராசாமிப் பிள்ளை தெருவில் ஒரு வீடு. மூத்த அண்ணன் சபாபதியின் தலையில் குடும்பப் பாரம் முழுவதும் விழுந்தது.

சபாபதி தமிழ் படித்தவர். புராணப் பிரசங்கம் செய்து சம்பாதித்தார். அந்தக் காலத்தில் ஒருவர் ஏட்டைப் பார்த்துப் பாட்டை வாசிப்பார். மற்றவர் அதற்குப் பொருள் சொல்லுவார். கூட்டம் இரவு வெகு நேரம் உட்கார்ந்து கேட்கும். சபாபதியின் வீட்டில் தமிழ்ப் பாட்டுத்தான் சோறு. பாட்டுத்தான் பொழுதுபோக்கு.

அந்தச் சொத்தைத் தம்பிக்கும் கொடுத்துவிட வேண்டும் என்பது அண்ணனின் ஆசை. முதலில் தாமே சொல்லிக்கொடுத்தார். பிறகு, தமக்குப் பாடம் சொன்ன காஞ்சிபுரம் சபாபதி முதலியாரிடமே தம்பியை அனுப்பிவைத்தார்.

பாடத்துக்குப் போகாத பையன்

தம்பியோ பாடத்துக்குப் போகவில்லை! கந்தகோட்டத்துக்குப் போய் முருகன் சந்நிதியில் நின்று பாடிக்கொண்டிருந்தார்.

அண்ணனுக்குக் கோபம் பொங்கியது. படிக்காவிட்டால் இவன் எப்படிப் பிழைப்பான் என்ற கவலைதான் அந்தக் கோபத்துக்குக் காரணம். ஆனால் கோபம் எல்லை மீறியது. அவனுக்கு வீட்டில் சோறு போடக்கூடாது என்று மனைவிக்கு உத்தரவு போட்டுவிட்டார்.

அண்ணி பாப்பாத்தி அம்மாளால் அதைத் தாங்க முடியவில்லை. கணவருக்குத் தெரியாமல், கொல்லைப்புறமாக வரச்சொல்லிச் சிறுவனுக்குச் சோறு போட்டார். அந்த ஒரு கைச் சோறு இல்லையென்றால் அண்ணன் தம்பி உறவு அன்றே அறுந்துபோயிருக்கும்.

ஒரு நாள் வீட்டில் தந்தையின் திதி வந்தது. எல்லோரும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கடைக்குட்டி மட்டும் கொல்லைப்புறத்தில்! இலையில் பரிமாறும்போதே அண்ணி அழுதுவிட்டார். அண்ணன் சொல்கிறபடி படித்தால் என்ன, எல்லோரோடும் வீட்டில் இருக்கலாமே என்று கெஞ்சினார்.

அந்தக் கண்ணீர் சிறுவனின் மனத்தைத் தொட்டது. படிக்கிறேன், எனக்கு மாடியறை ஒன்று வேண்டும் என்று கேட்டார். அறை கிடைத்தது. அங்கே ஒரு கண்ணாடியை மாட்டி, விளக்கு ஏற்றி வைத்துக்கொண்டு தியானத்தில் அமர்ந்தார். அந்தக் கண்ணாடியில் திருத்தணி முருகனின் காட்சி அவருக்குக் கிடைத்தது என்பது வரலாறு.

அண்ணனுக்குப் பதில் தம்பி

முத்தியாலுப்பேட்டையில் சோமு செட்டியார் என்பவர் வீட்டில் சபாபதி பிரசங்கம் செய்வது வழக்கம். ஒரு நாள் அவருக்கு உடம்பு சரியில்லை. எழுந்து போக முடியவில்லை. சொன்ன சொல் தவறுமே என்று தவித்தார்.

தம்பியைக் கூப்பிட்டார். நீ போய் இரண்டொரு பாட்டைச் சொல்லிவிட்டு, நான் வர முடியாததையும் சொல்லிவிட்டு வா என்றார்.

இராமலிங்கம் போனார். பெரியபுராணத்திலிருந்து பாட்டைச் சொன்னார். பிறகு பொருள் சொல்லத் தொடங்கினார். கூட்டம் அசையவில்லை. நேரம் போனதே யாருக்கும் தெரியவில்லை. இனிமேல் தம்பியே வந்து சொல்லட்டும் என்று கேட்டார்கள்!

இந்த இடத்தில்தான் பல குடும்பங்கள் உடைகின்றன. அண்ணனின் தொழிலில் தம்பி பெயர் வாங்கினால், பொறாமை வீட்டுக்குள் நுழைந்துவிடும். சபாபதி வீட்டில் அது நுழையவில்லை. தம்பியின் பெருமையைக் கேட்டு அவர் பூரித்துப்போனார். படி, படி என்று வற்புறுத்துவதையும் விட்டுவிட்டார்.

அணையாத அடுப்பு

அடிகள் 1858ஆம் ஆண்டு வரை சென்னையில் வாழ்ந்தார். திருவொற்றியூர் அவருக்கு உயிர். திருத்தணி முருகனையும் திருவள்ளூர் வீரராகவப் பெருமாளையும் பாடினார். 1867ஆம் ஆண்டு மே 23ஆம் தேதி வடலூரில் தருமசாலையைத் தொடங்கினார். சாதி, மதம் பார்க்காமல், பசித்து வந்தவர் எல்லோருக்கும் அங்கே சோறு போட்டார்கள். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. 1874ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் தேதி மேட்டுக்குப்பத்தில் அவர் சித்தியடைந்தார்.

ஊருக்கெல்லாம் சோறு போட்ட அந்த மனம், கொல்லைப்புறத்தில் அண்ணி போட்ட சோற்றை மறந்திருக்குமா?

வீட்டில் அண்ணன் தம்பி இருக்கிறார்களா? ஒருவனுக்குத் தெரிந்ததை மற்றவனுக்குச் சொல்லித்தரச் செய்யுங்கள். பாட்டாக இருக்கட்டும், தோட்ட வேலையாக இருக்கட்டும், சேர்ந்து செய்யட்டும். கோபம் வந்தாலும் சோற்றில் மட்டும் கை வைக்காதீர்கள். தம்பி முந்திப் போனால், அண்ணன் தோளில் தட்டிக்கொடுக்கட்டும். சபாபதி அதைத்தான் செய்தார்.