சேரன்மகாதேவியின் இரண்டாவது பந்தி

ஒரு விடுதிப் பள்ளியின் சாப்பாட்டுப் பந்தி ஒரு மாகாணத்தின் அரசியலையே திசைதிருப்பிய வரலாறு நம்முடையது. தாமிரபரணிக் கரையில் உள்ள சேரன்மகாதேவியில் 1922இல் தொடங்கப்பட்ட தமிழ்க் குருகுலமே அந்தப் பள்ளி. அதை நிறுவிய வ.வே.சு. ஐயர் மறைந்து நூறாண்டு கடந்துவிட்டது. சேரன்மகாதேவியும் என் ஊராகிய வாசுதேவநல்லூரும் நெடுங்காலம் ஒரே திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தவை. எங்கள் பகுதிப் பள்ளிகளிலிருந்து இன்றும் வரும் செய்திகளைப் படிக்கும்போதெல்லாம், ஐயரின் வாழ்க்கையை மீண்டும் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது.

திருச்சியை அடுத்த வரகனேரியில் 1881இல் பிறந்தவர் ஐயர். திருச்சி புனித வளனார் கல்லூரியில் படித்து, வழக்கறிஞராகி, ரங்கூன் வழியாக 1907இல் லண்டன் சென்றார். பாரிஸ்டர் பட்டம் பெறச் சென்றவரை இந்தியா ஹவுஸ் என்னும் மாணவர் இல்லமும் சாவர்க்கரின் நட்பும் புரட்சிப் பாதைக்குத் திருப்பின. தேர்ச்சி பெற்றும், அரச விசுவாச உறுதிமொழி ஏற்க மனமின்றிப் பட்டத்தைத் துறந்தார். 1910இல் காவல் துறையின் கண்ணில் படாமல் மாறுவேடத்தில் ஐரோப்பாவைக் கடந்து புதுச்சேரி வந்து சேர்ந்தார்.

அங்கு பாரதியும் அரவிந்தரும் அவருக்குத் துணையாயினர். 1911 ஜூனில் மணியாச்சி ரயில் நிலையத்தில் ஆட்சியர் ஆஷைச் சுட்ட செங்கோட்டை வாஞ்சிநாதனுக்குத் துப்பாக்கிப் பயிற்சி அளித்தவராக ஐயரையே வரலாற்றாசிரியர்கள் பலரும் குறிப்பிடுகின்றனர். அதே புதுச்சேரி ஆண்டுகளில்தான் அவர் திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தார். அந்நூல் 1916இல் வெளிவந்தது. தமிழின் முதல் நவீனச் சிறுகதை என்று பலர் கருதும் ‘குளத்தங்கரை அரசமரம்’ அவர் எழுதியது. உலகப் போருக்குப் பின் தாயகம் திரும்பி ‘தேசபக்தன்’ இதழுக்கு ஆசிரியரானார். அரச நிந்தனைக் குற்றத்துக்காகப் பெல்லாரி சிறைக்குச் சென்றார். கம்பராமாயணம் பற்றிய அவருடைய ஆங்கில ஆய்வு நூல் அச்சிறையில் உருவானது.

இத்தனைக்கும் பிறகு அவர் பதவி தேடவில்லை. பள்ளி ஒன்றைத் தொடங்கினார். தமிழ்வழிக் கல்வி, இலக்கியம், அறிவியல், கைத்தொழில், வேளாண்மை, உடற்பயிற்சி எல்லாம் சேர்ந்த தேசியக் கல்வி அவருடைய கனவு. பல சாதிச் சிறுவர்கள் ஓரிடத்தில் தங்கிப் படித்தனர். ‘பால பாரதி’ என்ற இதழும் அங்கிருந்து வெளிவந்தது. செட்டிநாட்டு வணிகர்கள் நன்கொடை அளித்தனர். தமிழ்நாடு காங்கிரஸ் 10,000 ரூபாய் ஒதுக்கி, முதல் தவணையாக 5,000 ரூபாயைக் கொடுத்தது.

இந்தப் பள்ளியில்தான் பந்தி இரண்டாகப் பிரிந்தது. பிராமணச் சிறுவர்கள் இருவரைத் தனியே உண்ணவைக்க வேண்டும் என்பது அவர்களின் பெற்றோர் விதித்த நிபந்தனை. ஐயர் அதை ஏற்று வாக்களித்திருந்தார். ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் மகன் அங்கு படித்தபோது, பிராமணச் சிறுவர்களுக்கென வைத்திருந்த தண்ணீரைக் குடித்ததற்காகக் கண்டிக்கப்பட்டான் என்றும், உணவிலும் வேற்றுமை இருந்தது என்றும் பெரியார் பின்னாளில் கூறியிருக்கிறார். இருதரப்பு விவரங்களும் சிற்சில இடங்களில் மாறுபடுகின்றன. தனிப்பந்தி ஒன்று இருந்தது என்பதில் மட்டும் மாறுபாடு இல்லை.

டாக்டர் பி. வரதராஜுலு நாயுடு தம் ‘தமிழ்நாடு’ இதழில் இதைக் கடுமையாக எதிர்த்தார். காங்கிரஸ் பொறுப்பில் இருந்த பெரியார் இரண்டாம் தவணையைத் தர மறுத்தார். காந்தியடிகள் சமரசம் ஒன்றைச் சொன்னார்: வாக்களிக்கப்பட்ட அந்த இருவருக்கு மட்டும் விலக்கு இருக்கட்டும்; இனிச் சேர்ப்போருக்கு அது கூடாது. எதிர்ப்பாளர்களை அது நிறைவுசெய்யவில்லை. 1925 ஏப்ரலில் திருச்சியில் கூடிய மாகாணக் காங்கிரஸ் கமிட்டி, தேசிய இயக்கத்தில் பங்குகொள்ளும் நிறுவனங்களில் பிறப்பால் உயர்வு தாழ்வு பாராட்டக் கூடாது என்ற எஸ். ராமநாதனின் தீர்மானத்தை 19க்கு 7 என்ற வாக்குகளில் நிறைவேற்றியது. ராஜாஜி உள்ளிட்ட சிலர் பதவி விலகினர். அவ்வாண்டு நவம்பரில், வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம் மறுக்கப்பட்ட காஞ்சிபுரம் மாநாட்டில் பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறினார். அதற்கு முன்னரே குருகுலம் அவர் மனத்தில் ஆறாத புண்ணாகியிருந்தது.

ஐயர் சாதி வெறியர் அல்லர். யாருடனும் அமர்ந்து உண்ணத் தயங்காதவர் என்றே அவரை அறிந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். பிறப்பால் எல்லா உயிரும் ஒன்றே என்று சொல்லும் குறளை உலகறிய மொழிபெயர்த்தவர் அவர். அத்தகைய ஒருவர் நடத்திய பள்ளியிலேயே இது நிகழ்ந்தது என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. தலைமையாசிரியரின் நல்லெண்ணம் விடுதியின் ஒழுங்கமைப்பு ஆகிவிடாது. ஐயரின் மனத்தில் இருந்ததைப் பத்து வயதுச் சிறுவனால் படிக்க முடியாது. தன் இலை எங்கே போடப்படுகிறது என்பதை அவனால் படிக்க முடியும்.

நாற்பதாண்டுக் காலம் பொருளியலோடு உறவாடியவன் என்ற முறையில் இதை வேறொரு கணக்காகவும் பார்க்கிறேன். எந்தச் சலுகைக்கும் விலை உண்டு. அந்த விலையைச் செலுத்துபவர் யார் என்பதே கேள்வி. இரண்டு சிறுவர்களுக்கு அளித்த விலக்கின் விலையை அவர்களின் பெற்றோர் செலுத்தவில்லை. மற்றப் பிள்ளைகள் அனைவரும் செலுத்தினர். அவர்கள் அதற்கு உடன்பட்டவர்களும் அல்லர். எல்லாரிடமிருந்தும் வந்த பணம் ஒரே பெட்டியில் விழுந்தது. சோறு மட்டும் இரண்டு இடத்தில் பரிமாறப்பட்டது. இருவருக்கான விலக்கு, மற்ற அனைவருக்கும் நீங்கள் தாழ்ந்தவர்கள் என்று சொல்லும் விதியாக மாறியது. ஐயர் தாம் அளித்த வாக்கைப் பெரிதாக எண்ணினார். ஆனால் ஒரு பள்ளி, தன்னிடம் சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் சொல்லாமலே அளிக்கும் வாக்கு ஒன்று இருக்கிறது. முந்தியது அதுதான்.

எதிர்ப்பு வலுத்த நிலையில் ஐயர் குருகுலப் பொறுப்பிலிருந்து விலகினார். சில வாரங்களில், 1925 ஜூன் 3 அன்று, பாபநாசம் அருவிப் பகுதியில் நீரில் விழுந்த மகள் சுபத்திரையைக் காப்பாற்றக் குதித்தவர் மகளோடு உயிர் துறந்தார். அவருக்கு அப்போது வயது 44. தாம் செய்ததை மறுபரிசீலனை செய்யவோ, புதிதாக ஒன்றைத் தொடங்கவோ காலம் அவருக்கு இடம் தரவில்லை.

அந்த விவாதத்துக்கும் ஓர் எல்லை இருந்தது. அது பெரும்பாலும் பிராமணர், பிராமணரல்லாதார் என்ற அளவிலேயே நின்றது. பட்டியலினச் சிறுவர்களின் இடம் எது என்ற கேள்வி போதிய உரத்துடன் எழவில்லை. எஞ்சிய அந்தக் கேள்வியைத்தான் இன்று நம் பிள்ளைகள் தங்கள் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு வருகிறார்கள். வண்ணக் கயிறுகளால் சாதியை அறிவிக்கும் வழக்கம் தென்மாவட்டப் பள்ளிகளில் வேரூன்றியிருப்பதை எங்கள் பகுதியில் யாரும் மறுக்க முடியாது. 2023 ஆகஸ்டில் சேரன்மகாதேவி அமைந்த அதே மாவட்டத்தில், நாங்குநேரியில், பட்டியலின மாணவர் ஒருவரை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினர். அதையொட்டி அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. கயிறு, மோதிரம் முதலிய அடையாளங்களுக்குத் தடை, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்குதல் ஆகியவை அதன் பரிந்துரைகளில் அடங்கும்.

அரசு விடுதிகளின் நிலையையும் எண்ண வேண்டும். ஆதிதிராவிடர் நலம், பிற்படுத்தப்பட்டோர் நலம் என்று துறைவாரியாக அமைந்த விடுதிகள், கல்வி மறுக்கப்பட்டவர்களுக்குக் கதவு திறந்தவை. அவற்றின் பயனைக் குறைத்து மதிப்பிட முடியாது. 2025 ஜூலையில் அவை சமூகநீதி விடுதிகள் எனப் பெயர் மாற்றப்பட்டது வரவேற்கத்தக்கது. எனினும் பெயர்ப்பலகையோடு பணி முடிந்துவிடாது. ஒரே ஊரில் படிக்கும் பிள்ளைகள் ஒரே கூரையின்கீழ் உறங்கி, ஒரே அடுப்பில் சமைத்ததை உண்ணும் நாள் வர, சேர்க்கை முறையிலேயே படிப்படியான மாற்றம் தேவை. அறை ஒதுக்கீடு, விளையாட்டு அணி, பரிமாறும் முறை ஆகியவற்றைப் பழக்கத்தின் போக்குக்கு விடாமல் காப்பாளர் திட்டமிட்டுக் கலக்க வேண்டும். ஒரு பெற்றோர் தம் பிள்ளைக்குத் தனி ஏற்பாடு கேட்டால், அன்புடனும் உறுதியுடனும் மறுக்கும் துணிவு நிர்வாகத்துக்கு வேண்டும். சேர்க்கும் நாளிலேயே அதைச் சொல்லிவிடுவது நல்லது. பின்னர் சொன்னால் அது வாக்குத் தவறியதாகப்படும்.

வீரமும் புலமையும் தியாகமும் ஒருங்கே வாய்த்த ஐயருக்கு அந்த முதல் நாளில் மறுக்க இயலாமல் போயிற்று. அவரளவு தியாகம் செய்யாத நமக்கு, நூறாண்டு அனுபவம் கூடுதலாகக் கிடைத்திருக்கிறது. பரிமாறத் தொடங்குமுன் பந்தியை ஒன்றாக்கிவிட வேண்டும்.