குறையைச் சமாளிக்க மறுத்த கலைஞர்

ஆடிப்பூரத் திருவிழாவுக்கு ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் செல்வது என் நெடுநாளைய வழக்கம். ஒருமுறை, ஆண்டாள் கோயில் அருகே வாசிப்பை முடித்து இளைப்பாறிக்கொண்டிருந்த இளம் நாதஸ்வரக் கலைஞர் ஒருவர் தம் புதிய கருவியை என்னிடம் காட்டினார். வாங்கி ஓராண்டுகூட ஆகவில்லை. மயிரிழை போன்ற வெடிப்பு ஒன்று குழலில் ஓடியிருந்தது. நன்கு காயாத மரத்தில் கடைந்ததன் விளைவு. சுரம் விலகுமே என்று கேட்டேன். ஊதுவதிலேயே சமாளித்துக்கொள்வதாகச் சொல்லிச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு எனக்குத் திருவாவடுதுறை டி.என்.ராஜரத்தினம் பிள்ளையை நினைவூட்டியது. நாதஸ்வரச் சக்கரவர்த்தி என்று அவரைப் போற்றுகிறோம். அவருடைய தோடியைப் பேசுகிறோம். ஆனால், தம் கருவியின் குறையைச் சமாளிக்க மறுத்தவர் என்ற கோணத்தில் அவரை நாம் பார்த்ததில்லை.

1898 ஆகஸ்ட் 27 அன்று திருமருகலில் பிறந்தவர் அவர். இயற்பெயர் பாலசுப்பிரமணியம். தாய்மாமன் திருமருகல் நடேச பிள்ளையின் வளர்ப்பில், திருவாவடுதுறையின் இசைச் சூழலில் வளர்ந்தார். சிறுவயதில் வயலின் மேதை திருக்கோடிக்காவல் கிருஷ்ணய்யரிடம் வாய்ப்பாட்டுப் பயின்றார். பின்னர் நாதஸ்வரத்துக்கு வந்தார். மனிதக் குரலுக்கு எட்டும் நெளிவுகள் குழலுக்கும் எட்ட வேண்டும் என்ற பிடிவாதம் அவருக்கு அந்தப் பயிற்சியால் வந்தது என்றே நான் கருதுகிறேன்.

அவர் காலத்தில் பெருவழக்கில் இருந்தது திமிரி நாயனம். நீளம் குறைவு, சுருதி உயர்வு. நான்கு மாட வீதிகளிலும் கேட்க வேண்டிய புறப்பாட்டுக்கு அது பொருத்தமானது. ஆனால், அதில் ஓர் அமைப்புக் குறை இருந்தது. சுத்த மத்தியமம் அதில் இயல்பாக ஒலிக்காது. விரலைப் பாதி மூடியும், மூச்சின் அழுத்தத்தை மாற்றியும், சீவாளியை உதட்டால் கவ்வியும்தான் அந்தச் சுரத்தை வரவழைக்க வேண்டும். தோடிக்கும் சங்கராபரணத்துக்கும் உரியது இதே சுத்த மத்தியமம்தான். தலைமுறை தலைமுறையாக வித்வான்கள் தம் திறமையால் இந்தக் குறையை மூடி மறைத்துவந்தார்கள். திறமை மிகுந்த இடத்தில் குறை கண்ணுக்குத் தெரிவதில்லை என்பது எந்தத் தொழிலுக்கும் பொருந்தும் உண்மை.

ராஜரத்தினம் பிள்ளையும் அப்படியே இருந்திருக்கலாம். பழைய கருவியிலேயே தோடியால் புகழ்பெற்றவர் அவர். ஆனால், கச்சேரி மேடையும் ஒலிபெருக்கியும் வானொலியும் வந்துவிட்ட காலத்தில், தெருவுக்கென அமைந்த சுருதி போதாது என்பதை உணர்ந்தார். தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் நீண்ட பாரி நாயனத்தை நாடினார். கும்பகோணம் அருகே நரசிங்கம்பேட்டையில் நாதஸ்வரம் செய்துவந்த ரங்கநாத ஆசாரியிடம் தம் தேவையைச் சொன்னார்.

குழலை நீட்டிவிட்டால் தீர்கிற சிக்கல் அல்ல இது. நீளம் கூடினால் துளைகளின் இடைவெளியும் கூடும், விரல் எட்டாது. உள்ளே கூம்பாக விரியும் துளையின் அளவு சற்று மாறினாலும் ஒரு சுரம் சேரும்போது இன்னொன்று விலகும். ஆச்சா மரத்தில் கடைந்து, வித்வான் ஊதிப் பார்த்துச் சொல்லும் குறையைச் செவியால் வாங்கி, கையால் திருத்த வேண்டும். இவ்வாறு ரங்கநாத ஆசாரி உருவாக்கிய பாரி நாயனத்தில் சுத்த மத்தியமம் தயக்கமின்றி ஒலித்தது. இன்றைய கலைஞர்களின் கைகளில் தவழ்வது பெரும்பாலும் அந்த மாற்றத்தின் வாரிசுதான்.

அவர் திருத்திய மற்றவற்றையும் இதனோடு சேர்த்தே காண வேண்டும். ஒத்துக்குப் பதிலாகத் தம்புராவை வைத்துக்கொண்டார். குடுமியை விட்டுக் கிராப்பு வைத்தார், கோட்டு அணிந்தார். நாதஸ்வரக்காரர் நின்றுகொண்டே வாசிக்க வேண்டும் என்ற நிலையை ஏற்காமல், மேடையில் சமமாக அமர்ந்து வாசிக்கும் உரிமையை நிலைநாட்டினார். எல்லிஸ் ஆர்.டங்கன் இயக்கிய 'காளமேகம்' (1940) படத்தில் நாயகனாக நடித்தார். நாடு விடுதலை பெற்ற 1947 ஆகஸ்டில் வானொலியில் ஒலித்தது அவருடைய இசை. 1956 டிசம்பர் 12 அன்று மறைந்தார். கருவியின் குறையும் கலைஞனின் தாழ்நிலையும் விதியல்ல, மாற்றக்கூடியவை என்ற ஒரே நம்பிக்கையே இவை அனைத்தின் அடியிலும் இருந்தது.

பொருளாதாரம் கற்பித்தவன் என்பதால் இதில் வேறொன்றும் எனக்குப் புலப்படுகிறது. பழைய கார்ச் சந்தையை உதாரணம் காட்டி ஜார்ஜ் அகர்லாப் 1970இல் எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. தரத்தை வாங்குபவரால் அறிய முடியாவிட்டால், நல்ல பொருளுக்கு உரிய விலை கிடைக்காது. நல்லதைச் செய்பவர் விலகிக்கொள்வார். மட்டமானதே சந்தையில் மிஞ்சும். ராஜபாளையத்து நூற்பாலைகளில் நூலின் எண்ணையும் வலுவையும் சோதனைக்கூடத்தில் அளந்து பார்ப்பது இதனால்தான். நாதஸ்வரத்துக்கு அப்படியொரு சோதனைக்கூடம் இல்லை. ராஜரத்தினம் பிள்ளையின் செவியே அந்தச் சோதனைக்கூடமாக இருந்தது.

ஏறத்தாழ இதே காலத்தில், அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் வானொலிப் பெட்டி பழுதுபார்க்கும் கடை நடத்திவந்த லியோ ஃபெண்டர், 1951இல் மின்சார பேஸ் கிதாரைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன்னிருந்த பெரிய பேஸ் வாத்தியத்தில் சுரத்தின் இடத்தைக் காட்டும் கட்டைகள் இல்லை. சுரம் எளிதில் விலகும். கட்டைகளைப் பதித்து, துல்லியம் என்னும் பொருள்படவே அதற்குப் பெயரிட்டார் ஃபெண்டர். அவருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது. தொழில்முறைக் கலைஞர்களிடம் கருவியைக் கொடுத்து, அவர்கள் சொன்ன குறைகளைத் திருத்தினார். 1965இல் அந்நிறுவனத்தைச் சிபிஎஸ் என்னும் பெருநிறுவனம் 1.3 கோடி டாலருக்கு வாங்கியது. உற்பத்தி பெருகியது, தரம் குறித்த முறையீடுகளும் பெருகின. 1970களில் சில வகைகளில் கிதாரின் கழுத்தை உடலோடு பிணைக்கும் திருகுகள் நான்கிலிருந்து மூன்றாயின. பொருத்தும் பள்ளமும் அளவு பிசகவே, கழுத்து அசைகிறது என்று இசைஞர்கள் குறைபட்டார்கள். விற்பனைக்கு முந்தைய பழைய கருவிகளையே தேடி வாங்கலானார்கள். செய்பவருக்கும் வாசிப்பவருக்கும் இடையிலான பேச்சு நின்றுபோனால் என்ன நேரும் என்பதற்கு இது பாடம்.

நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ச்சி. அதற்கு முன்பே, 2019இல், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் அதைப் பெற்றது. பால்கோவாவின் தரத்தை நாக்கு உடனே சொல்லிவிடும். நாதஸ்வரத்தின் தரம் தெரிய மாதங்கள் ஆகும். அதற்குள் ஏழைக் கலைஞரின் சேமிப்பு கரைந்திருக்கும். குறியீடு பெயரைக் காக்கும். ஒவ்வொரு குழலின் சுருதியையும் ஊதிப் பார்த்துத் தராது. நன்கு முதிர்ந்த மரத்துக்காகப் பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் உத்தரங்களைத் தேடி அலையும் நிலையில் கைவினைஞர்கள் இருக்கிறார்கள். அந்த உழைப்புக்கும் பச்சை மரத்தில் கடைந்த மலிவுக் குழலுக்கும் வேறுபாடு காட்ட ஒரு முத்திரை வேண்டும். செய்தவர் பெயர், மரத்தின் முதிர்ச்சி, சுருதி ஆகியவற்றை வித்வான் ஒருவர் சோதித்துச் சான்றளிக்கும் ஏற்பாட்டை அரசு இசைப் பள்ளிகளே தொடங்கலாம். அறநிலையத் துறையின் கோயில்கள் அத்தகைய கருவிகளையே வாங்கித் தம் கலைஞர்களுக்கு வழங்கலாம்.

ராஜரத்தினம் பிள்ளைக்கு நாம் விழா எடுக்கிறோம். ரங்கநாத ஆசாரியின் பெயர் பலருக்கும் தெரியாது. இரண்டு பெயர்களையும் சேர்த்துச் சொல்லப் பழகுவோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் கண்ட அந்த இளைஞர் தம் மூச்சை, குழலின் வெடிப்பைச் சமாளிப்பதற்காக அல்லாமல் ராகத்துக்காகச் செலவிடும் நாள் வர வேண்டும்.