கந்தகோட்டத்தில் கேட்ட வரம், வடலூரில் மூட்டிய அடுப்பு: பிள்ளைகளோடு படிக்க வள்ளலார் வரலாறு



பதிவு கொஞ்சம் நீளம். வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படியுங்கள்.

சேலையூரில் நாங்கள் சில பேர் ஞாயிற்றுக்கிழமை காலையில் எட்டாவது முதல் பத்தாவது வரை படிக்கிற பசங்களோடு உட்கார்ந்து பேசுவோம். திருப்புகழ் கொஞ்சம், பெரியவர்கள் வரலாறு கொஞ்சம், அந்த வாரம் செய்தியில் வந்த விஷயம் கொஞ்சம். நாலு வாரமாக வள்ளலார் வரலாறு ஓடுது. பசங்க கேட்ட கேள்விகளில் சிலது எனக்கே புதுசு. அதனால் கதையோடு அந்தக் கேள்விகளையும் சேர்த்தே எழுதுகிறேன்.

*ஏழுகிணறு வீட்டுப் பையன்*

இராமலிங்கம் பிறந்தது 1823 அக்டோபர் 5-ம் தேதி, சிதம்பரம் பக்கத்தில் மருதூர் கிராமத்தில். அப்பா இராமையா பிள்ளை, அம்மா சின்னம்மை. ஐந்து பிள்ளைகளில் கடைசி. கைக்குழந்தையாக இருக்கும்போதே அப்பா போய்விட்டார். அம்மா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பொன்னேரி பக்கம் தன் ஊரான சின்னக்காவணத்துக்கு வந்து, அப்புறம் குடும்பம் சென்னைக்கு வந்தது. ஏழுகிணறு பகுதியில் வீராசாமி பிள்ளை தெருவில் வீடு. மூத்த அண்ணன் சபாபதி புராணச் சொற்பொழிவு செய்து குடும்பத்தைக் காப்பாற்றினார்.

தம்பி நல்லா படிச்சு முன்னுக்கு வரணும்னு அண்ணனுக்கு ஆசை. தம்பியோ பாடம் படிக்கிற இடத்தில் தங்கவில்லை. கால் தானாகக் கந்தகோட்டத்துக்குப் போய்விடும். பூங்கா நகர் ராசப்ப செட்டித் தெருவில் இருக்கிற அதே கந்தசாமி கோயில்தான். அங்கே முருகன் முன்னால் நின்று பாடிக்கொண்டிருப்பார். அண்ணனுக்குக் கோபம் வந்து, இவனுக்குச் சோறு போடாதேன்னு மனைவியிடம் சொல்லிவிட்டார். ஆனால் அண்ணி பாப்பாத்தி அம்மாள் கணவருக்குத் தெரியாமல் சோறு போட்டார்.

வீட்டில் திதி நடந்த ஒரு நாள், வந்தவர்கள் எல்லாம் சாப்பிட்டுப் போன பிறகு கொழுந்தன் பின்பக்கமாகச் சாப்பிட வந்தார். அதைப் பார்த்து அண்ணி அழுதுவிட்டார். அந்தக் கண்ணீருக்காகத்தான் இனிமேல் வீட்டிலேயே இருந்து படிக்கிறேன்னு பையன் ஒத்துக்கொண்டார். மாடி அறை, ஒரு கண்ணாடி, ஒரு விளக்கு, இவ்வளவுதான் கேட்டார். அந்தக் கண்ணாடியில் தணிகை முருகன் காட்சி கொடுத்ததாக வரலாறு சொல்கிறது. அப்போது அவருக்கு வயசு ஒன்பது.

அந்தச் சின்ன வயசிலேயே, உடம்பு சரியில்லாத அண்ணனுக்குப் பதிலாகச் சோமு செட்டியார் வீட்டுக்குப் போய்ப் பெரியபுராணம் சொன்னார். திருஞானசம்பந்தர் கதை. கூட்டம் அசந்துபோச்சு. அண்ணனுக்கும் அப்புறம்தான் தம்பி யாரென்று புரிந்தது.

ஒரு பொண்ணு கேட்டாள்: அண்ணா, அண்ணி செய்தது பொய்தானே, அது தப்பில்லையா? அரை மணி நேரம் அதிலேயே போச்சு. கடைசியில் பசங்களே ஒரு முடிவுக்கு வந்தாங்க. ஒரு பிள்ளையைத் திருத்தப் பசியை ஆயுதமாக எடுக்கக் கூடாது. படிப்பு வரவில்லை என்றால் பேசலாம், கண்டிக்கலாம், சோற்றில் கை வைக்கக் கூடாது. நல்லா யோசித்துப் பார்த்தால் இராமலிங்கருடைய மொத்த வாழ்க்கையும் இந்த ஒரு விஷயத்துக்குள் அடங்கிவிடும்.

*முருகனிடம் என்ன கேட்டார்?*

கந்தகோட்டத்து முருகன் மேல் அவர் பாடியது தெய்வமணிமாலை. 31 பாட்டு. நம்மில் நிறைய பேருக்கு மனப்பாடம். ஆனால் அதில் என்ன கேட்கிறார்னு நிதானமாகப் பாருங்கள். வெளியே ஒரு பேச்சும் மனசுக்குள் ஒரு கணக்கும் வைத்திருப்பவர்களோடு சேராமல் இருக்கணும். பொய் வராமல் இருக்கணும். நோயில்லாமல் இருக்கணும். இன்னொரு பாட்டில், தான் யார் முன்னாலும் கை நீட்டக் கூடாது, தன் முன்னால் கை நீட்டியவருக்கு இல்லையென்று சொல்லவும் கூடாது என்று வரம் கேட்கிறார்.

கேட்டவர் அப்பா இல்லாத வீட்டில் அண்ணன் சம்பாத்தியத்தில் வளர்ந்தவர். அடுத்தவர் கையை எதிர்பார்த்து நிற்பது எப்படியிருக்கும்னு தெரிந்தவர். இந்த வரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருகிறது.

*ராஜா தன்னையே கேட்ட கேள்விகள்*

1854-ல் அவர் எழுதிய உரைநடை நூல் மனுமுறை கண்ட வாசகம். திருவாரூர் மனுநீதிச் சோழன் கதை எல்லோருக்கும் தெரியும். மகனுடைய தேர்ச் சக்கரத்தில் கன்றுக்குட்டி மாட்டிச் செத்தது, தாய்ப்பசு வந்து மணியை அடித்தது. வள்ளலார் ஒரு இடத்தில் கதையை நிறுத்துகிறார். பசு மணியடிக்கிற அளவுக்கு நான் என்ன பாவம் செய்தேன்னு ராஜா தன்னையே வரிசையாகக் கேட்டுக்கொள்கிறார். நண்பருக்குச் செய்த துரோகம், வேலை வாங்கிவிட்டுக் கூலியைக் குறைத்தது, நெல்லில் கல்லைக் கலந்து விற்றது, கோள் சொல்லிக் குடும்பத்தைப் பிரித்தது, ஊர் நடக்கிற வழியை அடைத்தது, பசியோடு வந்தவன் முகத்தைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டது என்று பட்டியல் நீள்கிறது.

பார்த்தால் இது ராஜாக்கள் செய்கிற பாவமே இல்லை. நம்ம தெருவில் நடக்கிறதுதான்.

அதனால் பசங்களிடம் ஒரு வேலை கொடுத்தோம். இதே பட்டியலை இன்றைக்கு நீங்கள் எழுதினால் எப்படி எழுதுவீங்க? பேப்பரை வாங்கிப் படித்தபோது பெரியவங்க நாங்க தலை குனிஞ்சோம். உண்மையா பொய்யான்னு பார்க்காமல் ஃபார்வர்ட் பண்ணினேனா? கிளாஸ் குரூப்பில் ஒருத்தியின் போட்டோவை வைத்துக் கிண்டல் செய்ததைப் பார்த்தும் சும்மா இருந்தேனா? நடைபாதையில் பைக்கை நிறுத்தினேனா? சாப்பாடு கொண்டு வந்த டெலிவரி அண்ணா தண்ணி கேட்டபோது கதவைச் சாத்தினேனா? வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்குத் தனி டம்ளர் வைத்திருக்கிறோமா?

கடைசிக் கேள்வியை எழுதிய பையன் அன்றைக்கு அதற்கு மேல் எதுவும் பேசவில்லை. நாங்களும் நோண்டவில்லை. அவன் வீட்டில் அவன் பேசிக்கொள்வான்.

*வடலூர் அடுப்பு*

முப்பத்தைந்து வயசு வாக்கில் வள்ளலார் சென்னையை விட்டுக் கிளம்பினார். வடலூர் பக்கத்தில் கருங்குழி என்ற ஊரில் ஒரு ரெட்டியார் வீட்டில் பல வருஷம் தங்கினார். தண்ணீரில் விளக்கு எரிந்ததாகச் சொல்லும் நிகழ்ச்சி அங்கேதான். 1865-ல் சன்மார்க்க சங்கத்தைத் தொடங்கினார். 1867 திருவருட்பாவின் முதல் நான்கு திருமுறை அச்சில் வந்த வருஷம். அவருக்கு அதைவிட முக்கியமான வேலை அதே வருஷம் மே 23-ம் தேதி நடந்தது. பார்வதிபுரத்து மக்கள் கொடுத்த சுமார் 80 காணி நிலத்தில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி அடுப்பை மூட்டினார். மண் சுவர், கூரை, பசித்தவருக்குச் சோறு.

அந்த அடுப்பு இன்றைக்கும் அணையவில்லை. 150 வருஷத்துக்கு மேலாகிவிட்டது. எங்க வேலையில் ஒரு சர்வரை ஒரு வருஷம் நிற்காமல் ஓட்டினாலே கேக் வெட்டுவோம். அங்கே கரண்டி பிடித்தவர்கள் மாறியிருக்கிறார்கள், ஆட்சிகள் மாறியிருக்கின்றன, நெருப்பு மட்டும் அதேதான்.

யாருக்குச் சோறு போடலாம் என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை. ஜீவகாருண்ய ஒழுக்கம் என்ற நூலில், பசித்தவர் எந்த ஊர், எந்தச் சமயம், என்ன சாதி, நல்லவரா கெட்டவரா என்று விசாரிக்காமல் பசியைத் தீர்க்கச் சொல்கிறார். பசி வந்தால் கண் இருட்டுவது, காது அடைப்பது, புத்தி மயங்குவது எல்லாவற்றையும் வைத்தியர் மாதிரி ஒவ்வொன்றாக எழுதுகிறார். இப்படி இருக்கிறவனிடம் போய் தர்மம் பேச முடியாது, முதலில் சோறு.

அவர் மறைந்த இரண்டே வருஷத்தில் தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கான மக்கள் பட்டினியில் செத்தார்கள். அந்தக் காலத்தில் அந்த அடுப்பு எரிந்ததற்கு என்ன அர்த்தம்னு யோசித்துப் பாருங்கள். நம்ம அரசுப் பள்ளிகளில் 2022-ல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தின் பின்னால் இருப்பதும் இதே கணக்குதான். வயிறு காய்ந்த பிள்ளைக்கு வாய்ப்பாடு ஏறாது.

இங்கே ஒருத்தன் நேராகக் கேட்டான். அண்ணா, எங்க வீட்டில் ஞாயிறு ஆனால் சிக்கன், வள்ளலார் எங்களுக்குச் சோறு போடுவாரா? போடுவார். தருமச்சாலையில் எவருக்கும் தடையில்லை. ஆனால் ஞானசபைக்கு உள்ளே புலால், கொலை இரண்டையும் விட்டவர்கள் மட்டும் வர வேண்டும்னு விதி வைத்தார். ஆடு மாடு கோழியும் அவருக்கு உயிர்தான். அதில் அவர் இறங்கி வரவே இல்லை. அவர் சொன்னதை மழுப்பாமல் பிள்ளைகளிடம் சொல்லணும். முடிவு அவர்களுடையது.

*சாதியும் தாலியும்*

வடலூரில் பாடசாலையும் ஏற்படுத்தினார். தமிழ், சமஸ்கிருதம், ஆங்கிலம் மூன்றும், சின்னப் பிள்ளை முதல் வயசானவர் வரைக்கும். பொதுமக்களுக்குத் திருக்குறள் வகுப்பும் நடத்த வைத்தார். பிறப்பை வைத்து மனிதனைப் பிரிப்பது சிறு பிள்ளை விளையாட்டு என்பது அவர் கட்சி. கணவன் இறந்தால் மனைவி தாலியை எடுக்க வேண்டாம்னு அன்பர்களுக்கு எழுதினார். எல்லாம் 1870 வாக்கில்.

இப்போது நம்ம காலத்துக்கு வருவோம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவனையும் அவன் தங்கையையும் கூடப் படித்த பசங்களே வீடு புகுந்து வெட்டினார்கள். காரணம் சாதி. அதற்குப் பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு அமைத்த குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டும் கலர் கயிறு பள்ளியில் கூடாது என்பதும் அதில் ஒன்று.

அப்போ திருத்தணியில் கட்டிக்கொண்டு வந்த கயிறைக் கழட்டணுமான்னு ஒரு பையன் கையைத் தூக்கிக் காட்டினான். நியாயமான கேள்வி. இன்னொரு பொண்ணு பதில் சொன்னாள்: இந்தக் கயிறு நான் முருகன் பிள்ளைன்னு சொன்னால் சரி, பக்கத்தில் இருக்கிறவன் முருகன் பிள்ளை இல்லைன்னு சொன்னால் கழட்டு. இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

*முருகனை விட்டுவிட்டாரா?*

இதைச் சொல்லாமல் விட்டால் அடியார்களிடம் உண்மையை மறைத்த மாதிரி ஆகும்.

1872 ஜனவரி 25, தைப்பூசத்தன்று வடலூர் சத்திய ஞானசபையில் ஜோதி வழிபாடு தொடங்கியது. எட்டுக் கோண மண்டபம், ஏழு திரை, கண்ணாடி, விளக்கு. உருவம் கிடையாது. 1873 அக்டோபர் 22-ம் தேதி மேட்டுக்குப்பத்தில் கொடி கட்டிப் பேசினார். சைவம், வைணவம் எதிலும் பற்று வைக்க வேண்டாம்னு வெளிப்படையாகச் சொன்னார். தனக்கு முன்னால் சைவத்தின் மேல் இருந்த பற்றும் போய்விட்டது என்றார். 1874 ஜனவரி 30-ம் தேதி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். ஒளியில் கலந்தார் என்பது அன்பர்கள் நம்பிக்கை.

பசங்க கேட்டது: அப்போ கந்தகோட்டத்தில் பாடினது பொய்யா? நம்ம வேல் பூஜையை அவர் ஒத்துக்க மாட்டாரா?

என் மனசில் பட்டதைச் சொன்னேன். நம்மோடு அவர் வாதம் செய்வார், அதில் சந்தேகம் வேண்டாம். இங்கேயே நின்றுவிடாதே, மேலே வா என்பார். அதை மறைத்து அவரை நம் படத்தட்டில் மட்டும் வைத்துக்கொள்வது மரியாதை இல்லை. அதே சமயம் ஏழுகிணறு மாடியில் கண்ணாடி முன்னால் ஏற்றிய விளக்கையும், வடலூரில் கண்ணாடியோடு இருக்கும் விளக்கையும் சேர்த்துப் பாருங்கள். முருகனிடம் அவர் கேட்ட வரத்தையும் இப்போது எடுத்துப் பாருங்கள். கை நீட்டியவருக்கு இல்லையென்று சொல்லாத மனசு. அது 1867-ல் அடுப்பாக எரிய ஆரம்பித்தது. முருகன் வரம் கொடுத்தார்னு நான் நம்புகிறேன். வேறு மாதிரி நினைக்கிறவர்களும் எங்க வகுப்பில் இருக்கிறார்கள், இருக்கட்டும்.

*நீங்களும் செய்யலாம்*

விடுமுறை நாளில் பிள்ளைகளைத் தாம்பரத்தில் பீச் ரயில் ஏற்றிப் பூங்கா ஸ்டேஷனில் இறக்குங்கள். கந்தகோட்டம் பக்கம்தான். தரிசனம் முடித்து ஆட்டோவில் ஏழுகிணறு வீராசாமி பிள்ளை தெருவுக்குப் போய் அவர் வாழ்ந்த வீட்டையும் காட்டுங்கள். அவர் பிறந்த அக்டோபர் 5-ஐ அரசு தனிப்பெருங்கருணை நாளாக அறிவித்திருக்கிறது, அன்றைக்குப் போனால் இன்னும் நல்லது.

திரும்பி வரும்போது ராஜா கேட்ட கேள்விகளை இன்றைய கணக்குக்கு எழுதச் சொல்லுங்கள். பிள்ளைகள் எழுதியதைத் திருத்தாமல் முழுசாகக் கேளுங்கள். நீங்களும் ஒரு பட்டியல் எழுதி அவர்களிடம் கொடுங்கள். அடுத்த கிருத்திகைக்கு விரதம் இருக்கும் வீடுகளில், அன்றைக்கு மிச்சமாகும் ஒரு வேளைச் சோறு யார் வயிற்றுக்குப் போகப் போகிறது என்பதைப் பிள்ளைகளே முடிவு செய்யட்டும்.

உபயோகமாக இருந்தால் உங்கள் குரூப்பில் பகிருங்கள்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!